கிலோவாட்டும் கேவிஏவும்: பெயர்த்தகட்டில் உள்ள கணக்கு

தெருமுனையில் இரட்டைக் கம்பங்களின் மீது நிற்கும் மின்மாற்றியின் பெயர்த்தகட்டில் 100 கேவிஏ என்று பொறித்திருக்கும். அதிலிருந்து மின்சாரம் பெற்று வயற்காட்டில் ஓடும் மோட்டாரின் தகட்டில் 3.7 கிலோவாட் என்றும் பக்கத்திலேயே 5 ஹெச்பி என்றும் இருக்கும். அந்த மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியை ஒட்டிப் பொருத்திய கெப்பாசிட்டரின் மேல் 2 கேவிஏஆர் என்று அச்சிட்டிருக்கும். இவை மூன்றுக்கும் மூலமாகிய அனல்மின் நிலைய ஜெனரேட்டரின் தகட்டிலோ மெகாவாட், எம்விஏ, திறன் காரணி என்ற மூன்று செய்திகளும் ஒருங்கே இடம்பெற்றிருக்கும். ஒரே மின்சாரத்தைக் கையாளும் நான்கு கருவிகளுக்கு நான்கு வகையான அளவீடுகள் எதற்கு என்ற வினா, மின்பொறியியல் மாணவர்களிடம் நேர்முகத் தேர்வுகளில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனது. மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒற்றை வரி விடையைக் காட்டிலும் அதற்குப் பின்னால் உள்ள காரணம் சுவையானது.

பெயர்த்தகட்டு எண் என்பது எந்திரம் எவ்வளவு வேலை செய்யும் என்பதைச் சொல்வதாகவே பலரும் கொள்வர். உண்மையில் அது, இந்த அளவைத் தாண்டினால் தனக்குப் பொறுப்பில்லை என்று எந்திரத்தைச் செய்தவர் கிழித்துக்கொடுக்கும் எல்லைக்கோடு. அந்தக் கோட்டைப் பெரும்பாலும் வகுப்பது வெப்பம்தான். சுருளாகச் சுற்றிய செம்புக் கம்பி எளிதில் உருகிவிடாது. ஆனால் அதன் மீது பூசிய வார்னிஷும் இடையிடையே வைத்த காப்புத்தாளும் அவ்வளவு வெப்பத்தைத் தாங்குவதில்லை. 'பி' வகைக் காப்புக்கு 130 டிகிரி செல்சியஸ், 'எஃப்' வகைக்கு 155 டிகிரி என்று எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. எல்லைக்கு மேல் எட்டுப் பத்து டிகிரி ஏறும்போதெல்லாம் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. சுருளில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மின்னோட்டம் 10 விழுக்காடு கூடினால் வெப்பம் 21 விழுக்காடு கூடும். ஆகவே ஓர் எந்திரத்தின் தாங்கும் அளவைச் சொல்வதென்றால், அதன் சுருள்களில் எவ்வளவு மின்னோட்டம் ஓடலாம் என்பதை எவ்வகையிலாவது சொல்லியாக வேண்டும். இங்கேதான் வாட் என்ற அலகு கைவிட்டுவிடுகிறது.

நேர்மின்னோட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது வாட். அழுத்தம் தெரிந்திருந்தால், வாட்டிலிருந்து மின்னோட்டத்தை உடனே கணக்கிட்டுவிடலாம். வீடுகளுக்கு வரும் மாறுமின்னோட்டத்தில் அழுத்தமும் ஓட்டமும் விநாடிக்கு 50 முறை ஏறி, இறங்கி, திசைமாறி அலைகளாக வருகின்றன. வெந்நீர் ஹீட்டர், குண்டுபல்பு போன்ற வெறும் மின்தடைகளில் இரண்டு அலைகளும் ஒரே கணத்தில் உச்சியைத் தொடுவதால் பழைய பெருக்கல் அப்படியே செல்லும். இரும்பைச் சுற்றிய கம்பிச்சுருள் என்று வந்துவிட்டால், அழுத்தம் உச்சியைத் தொட்டுச் சற்று நேரம் கழித்தே ஓட்டம் உச்சியைத் தொடும். கெப்பாசிட்டரில் ஓட்டம் முந்திக்கொள்ளும். இவ்வாறு இரண்டும் விலகி நிற்கும் அளவைப் பாடநூல்கள் கட்ட வேறுபாடு என்கின்றன.

இந்த விலகலுக்குக் காரணம், சுருள் தன்னைச் சுற்றிக் காந்தப்புலம் ஒன்றை எழுப்பியாக வேண்டும் என்பதே. புலத்தை எழுப்ப ஆற்றல் தேவை. ஆனால் அந்த ஆற்றல் செலவாகிவிடுவதில்லை. அலையின் கால்பகுதியில், அதாவது 5 மில்லிவிநாடியில், கம்பி வழியே வந்து புலமாகத் தங்குகிறது. அடுத்த கால்பகுதியில் புலம் அடங்க, வந்த வழியே திரும்பிப் போகிறது. இப்படி விநாடிக்கு நூறுமுறை வந்து நூறுமுறை திரும்பும் ஆற்றலால் தண்டு சுழல்வதில்லை, தண்ணீர் ஏறுவதில்லை. தண்டைச் சுழற்றவும் நீரைச் சுடவைக்கவும் உண்மையாகவே செலவாகும் பகுதி மெய்த்திறன். அதன் அலகு வாட். போய்வந்துகொண்டே இருக்கும் பகுதி எதிர்வினைத் திறன்; அதன் அலகு 'விஏஆர்'. இரண்டையும் பிரித்துப் பாராமல், வோல்ட்மீட்டர் காட்டும் எண்ணையும் அம்மீட்டர் காட்டும் எண்ணையும் வெறுமனே பெருக்கினால் வருவது தோற்றத் திறன். அது வோல்ட் ஆம்பியர், சுருக்கமாக 'விஏ'. அதன் ஆயிரம் மடங்கே 'கேவிஏ'. பள்ளிப் பாடநூல்கள் வேலை செய்யாத மின்னோட்டத்தைச் சுழித்திறன் மின்னோட்டம் என்று குறிக்கின்றன. திறன் சுழியாக இருக்கலாம்; ஆனால் கம்பியைச் சுடவைப்பதில் அது மற்ற மின்னோட்டத்துக்கு ஒரு சிறிதும் குறைந்ததன்று.

மூன்றுக்கும் உள்ள உறவைத் தேர்வடம் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தெருவுக்கு நேராக வடம் பிடித்தால் இழுக்கும் விசை முழுவதும் தேரை முன்னால் நகர்த்தும். இழுப்பவர்கள் தெருவோரமாக விலகிச் சாய்வாக இழுத்தால் விசையில் ஒரு கூறு மட்டுமே தேரை நகர்த்தும், இன்னொரு கூறு பக்கவாட்டில் போய்விடும். ஆயினும் வடம் தாங்கவேண்டியது மொத்த விசையை. 100 பங்கு விசையில் முன்னோக்கிய கூறு 80 என்றால் பக்கவாட்டுக் கூறு 60. செங்கோண முக்கோணத்தின் பழைய கணக்குதான் இது. அதைப் போலவே மெய்த்திறன் 80 கிலோவாட், எதிர்வினைத் திறன் 60 கேவிஏஆர் என்றால் தோற்றத் திறன் 100 கேவிஏ ஆகும். மெய்த்திறனைத் தோற்றத் திறனால் வகுத்து வரும் 0.8 என்ற எண்ணே திறன் காரணி. பட்டறைகளில் பவர் ஃபேக்டர் என்பது இதைத்தான். பக்கவாட்டு இழுப்பு திரும்பி வருவதில்லை, எதிர்வினைத் திறன் திரும்பி வருகிறது என்ற வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், உவமை மற்றபடி பிசகாது. மாறுமின்னோட்டக் கணக்கை இவ்வாறு செங்குத்தான இரண்டு கூறுகளாகப் பிரித்துக் கலப்பெண்களால் எழுதும் முறையைச் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1893ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த பன்னாட்டு மின்சார மாநாட்டில் விரித்துரைத்தார். இன்றைய மின்பொறியாளரின் அன்றாடக் கணக்கு அவ்வழி வந்தது.

வடத்தின் பருமனை முடிவுசெய்பவர் மொத்த விசையைத்தான் பார்ப்பார். மின்மாற்றியின் நிலையும் அதுவே. அதில் ஏற்படும் இழப்புகள் இரண்டு வகை. இரும்பு உள்ளகத்தில் எழும் இழப்பு, மின்னழுத்தத்தைப் பொறுத்தது. செம்புச் சுருளில் எழும் இழப்பு, மின்னோட்டத்தைப் பொறுத்தது. இரண்டுக்கும் இடையே கட்ட வேறுபாடு எவ்வளவு என்பதை இரும்பும் பொருட்படுத்துவதில்லை, செம்பும் பொருட்படுத்துவதில்லை. 433 வோல்ட்டில் மும்முனை மின்சாரம் வழங்கும் 100 கேவிஏ மின்மாற்றியின் முழுச்சுமை மின்னோட்டம் முனைக்கு ஏறத்தாழ 133 ஆம்பியர். திறன் காரணி 1 ஆக உள்ள ஹீட்டர்களை அதில் மாட்டினால் 100 கிலோவாட் வேலை கிடைக்கும், 0.8 ஆக உள்ள மோட்டார்களை மாட்டினால் 80 கிலோவாட்; 0.6 என்றால் 60 கிலோவாட்தான். மூன்றிலும் ஓடுவது அதே 133 ஆம்பியர், மின்மாற்றியின் எண்ணெய் அடைவதும் அதே சூடு. வெறும் கெப்பாசிட்டர்களை மட்டுமே சுமையாக மாட்டினால், ஒரு கிலோவாட் வேலையும் நடவாமலேயே மின்மாற்றி தன் முழுச் சூட்டையும் எட்டிவிடும். ஆய்வுக்கூடத்தில் ஒருபக்கச் சுருளைக் குறுக்கிணைத்து, மறுபக்கத்தில் சிறிதளவு அழுத்தம் கொடுத்து முழு மின்னோட்டத்தை ஓடச்செய்யும் வழக்கமான சோதனையும் இதையே காட்டுகிறது: வெளியே செல்லும் திறன் சுழி, செம்பின் சூடு முழுமை.

மேலும், மின்மாற்றியைச் செய்பவருக்கு அதில் நாளை யார் எதை மாட்டப்போகிறார் என்பது தெரியாது. அரிசி ஆலையா, ஐஸ் தொழிற்சாலையா, அடுக்குமாடி வீடுகளா என்று அறியாத நிலையில் கிலோவாட்டில் உறுதி கொடுத்தால் அது அறியாத ஒன்றுக்குப் பிணை நிற்பதாகும். அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் மட்டுமே அவர் பிணை நிற்க முடியும். அவற்றின் பெருக்கலே கேவிஏ. சுவிட்ச்கியர், மின்கம்பி போன்றவற்றுக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியே குறிப்பதும் இதே நேர்மையால்தான்.

மோட்டாரின் நிலை இதற்கு நேர்மாறானது. அதை வாங்குபவருக்கு வேண்டியது தண்டில் கிடைக்கும் சுழற்சி. கிணற்றிலிருந்து இத்தனை அடி உயரத்துக்கு இவ்வளவு தண்ணீர் ஏற வேண்டும் என்பதே அவர் கணக்கு. ஆகவே மோட்டார் தகட்டில் உள்ள கிலோவாட், அது வாங்கும் மின்சாரத்தின் அளவன்று. தண்டின் வழியே கொடுக்கும் வேலையின் அளவு. குதிரையின் உழைப்போடு நீராவி எந்திரத்தை ஒப்பிட்டு ஜேம்ஸ் வாட் வகுத்த குதிரைத்திறன், அதாவது 746 வாட், இன்றும் பம்புசெட் கடைகளில் கிலோவாட்டை முந்தி நிற்பதற்கும் இந்தப் பார்வையே காரணம். மின்மாற்றியைச் செய்பவருக்குத் தெரியாதது மோட்டாரைச் செய்பவருக்குத் தெரியும்: முழுச்சுமையில் அதன் திறன் காரணி என்ன, பயனுறுதிறன் என்ன என்பவை அவருடைய வடிவமைப்பிலேயே அடங்கியவை. எனவே தண்டின் கிலோவாட்டைத் துணிந்து எழுதிவிட்டு, முழுச்சுமை ஆம்பியரையும் பக்கத்தில் குறித்துவிடுகிறார்.

இந்த இரண்டு கணக்குகளையும் கலந்துவிட்டால் என்னவாகும் என்பதற்கு ஒரு சிறு கூட்டல் போதும். 3.7 கிலோவாட் மோட்டார் 85 விழுக்காடு பயனுறுதிறன் உடையது என்றால் கம்பியிலிருந்து அது வாங்குவது 4.35 கிலோவாட், திறன் காரணி 0.8 என்றால் அது 5.44 கேவிஏ ஆகும்; 415 வோல்ட்டில் முனைக்கு ஏறத்தாழ ஏழரை ஆம்பியர். 100 கேவிஏ மின்மாற்றியில் இத்தகைய மோட்டார்கள் எத்தனை ஒரே நேரத்தில் ஓடலாம்? தகட்டு எண்களை மட்டும் பார்த்து 100ஐ 3.7ஆல் வகுப்பவருக்கு 27 என்று விடை வரும். மின்மாற்றி தாங்குவதோ 18தான். இடையில் உள்ள ஒன்பது மோட்டார்கள் மின்மாற்றியின் சுருளைக் கருக்கப் போதுமானவை.

தூண்டல் மோட்டாருக்கு எதிர்வினைத் திறன் இவ்வளவு தேவைப்படுவதற்குக் காரணம் அதன் நிலைப்பகுதிக்கும் சுழலும் பகுதிக்கும் நடுவே உள்ள காற்றிடைவெளி. சிறு மோட்டார்களில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். என்றாலும் இரும்பினூடே எளிதாகச் செல்லும் காந்தப்புலம் காற்றைக் கடக்கப் பெரிதும் திணறுகிறது. இரும்பு வளையம் மூடியிருக்கும் மின்மாற்றியில் காந்தமாக்கும் மின்னோட்டம் முழுச்சுமை மின்னோட்டத்தில் ஓரிரு விழுக்காட்டோடு நின்றுவிட, மோட்டாரில் அது முப்பது நாற்பது விழுக்காட்டை எட்டுகிறது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த மின்னோட்டம் ஏறத்தாழ மாறாது என்பதே இதில் கவனிக்கவேண்டியது. 5 குதிரைத்திறன் போதுமான இடத்தில், எதற்கும் இருக்கட்டுமே என்று 10 குதிரைத்திறன் மோட்டாரை வைப்பவர் பெரிய எந்திரத்தின் காந்தமாக்கும் மின்னோட்டத்தை நாள் முழுவதும் இழுத்துக்கொண்டு, பாதிச் சுமையில் தாழ்ந்த திறன் காரணியோடு ஓட்டுகிறார். பாதுகாப்புக்காகச் செய்ததாக எண்ணப்படும் இந்த வழக்கம், கம்பிகளின் கணக்கில் வீண்செலவே.

ஜெனரேட்டரின் பெயர்த்தகட்டில் மூன்று செய்திகள் இருப்பதற்குக் காரணம், அதற்கு மூன்று வேறு எல்லைகள் இருப்பதே. தூத்துக்குடி, மேட்டூர் அனல்மின் நிலையங்களில் உள்ள 210 மெகாவாட் அலகை எடுத்துக்கொண்டால், இவ்வகை ஜெனரேட்டரின் தோற்றத் திறன் 247 எம்விஏ, திறன் காரணி 0.85, மின்னழுத்தம் 15.75 கிலோவோல்ட், மின்னோட்டம் ஏறத்தாழ 9,050 ஆம்பியர். 210 மெகாவாட் என்பது உண்மையில் ஜெனரேட்டரின் எல்லை என்பதைவிட அதைச் சுழற்றும் நீராவி டர்பைனின் எல்லை. கொதிகலன் தரும் நீராவிக்கு மேல் மெய்த்திறன் பிறக்காது. 247 எம்விஏ என்பது நிலைப்பகுதிச் சுருளின் சூட்டு எல்லை. மூன்றாவது எல்லை சுழலும் பகுதியில் உள்ள புலச்சுருளுக்குரியது. எதிர்வினைத் திறனைப் பிறப்பிக்க நிலக்கரி கூடுதலாக எரிக்க வேண்டியதில்லை. புலச்சுருளின் மின்னோட்டத்தைக் கூட்டினால் போதும். ஆனால் கூட்டக் கூட்ட அந்தச் சுருள் சூடேறும். 0.85 என்ற எண் இந்த எல்லைகள் சந்திக்கும் முனையைக் குறிக்கிறது. அம்முனையில் ஜெனரேட்டர் 210 மெகாவாட்டையும் ஏறத்தாழ 130 எம்விஏஆரையும் ஒருங்கே தரும். மெகாவாட்டைக் குறைத்துக்கொண்டால் எம்விஏஆரை ஓரளவு கூட்டலாம். ஆனால் 247 என்ற எண்ணை நம்பி அதன் கடைசி எல்லை வரை போக முடியாது, புலச்சுருள் அதற்கு முன்பே கைவிரித்துவிடும்.

இது ஏட்டுக் கணக்கன்று என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் நேர்ந்த பெரும் மின்தடை சான்று. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரை அது இருளில் ஆழ்த்தியது. கம்பிகள் மரங்களில் உரசித் துண்டிக்கப்பட்டதும், கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்ததும் அதற்கு முதன்மையான காரணங்களாகப் பின்னர் நடந்த விசாரணையில் கண்டறியப்பட்டன. ஆயினும் அதற்கு முன்பே, பிற்பகல் 1:31க்கு, ஈரி ஏரிக்கரையில் உள்ள ஈஸ்ட்லேக் நிலையத்தின் ஐந்தாம் அலகு நின்றுபோயிருந்தது. வெயில் நாளில் குளிர்சாதனங்கள் எதிர்வினைத் திறனை உறிஞ்ச, மின்னழுத்தம் தாழ்ந்துகொண்டிருந்த வட ஓஹையோவைத் தாங்கிப் பிடிப்பதற்காக அந்த அலகின் எம்விஏஆரை உயர்த்த முயன்றபோது, புலச்சுருள் எல்லையைத் தாண்டியதால் காப்பு அமைப்பு குறுக்கிட்டது. இறுதியில் அலகே துண்டித்துக்கொண்டது. ஏறத்தாழ 600 மெகாவாட் அலகு அன்று மெகாவாட்டால் வீழவில்லை, எம்விஏஆரால் வீழ்ந்தது.

எதிர்வினைத் திறனைத் தொலைவிலிருந்து கம்பி வழியே கொண்டுவருவதைவிடத் தேவைப்படும் இடத்திலேயே கொடுப்பது மேல் என்ற எண்ணத்தின் விளைவே கெப்பாசிட்டர். சுருள் ஆற்றலை வாங்கும் கணத்தில் கெப்பாசிட்டர் கொடுக்கும், சுருள் திருப்பித்தரும் கணத்தில் வாங்கிக்கொள்ளும். ஆகவே போக்குவரத்து அவ்விரண்டுக்குள்ளேயே முடிந்து, நெடுங்கம்பிக்கு அந்தச் சுமை இல்லாமல் போகும். அதற்கு இதைத் தவிர வேறு வேலை இல்லாததால் தகட்டிலும் கேவிஏஆர் மட்டுமே இருக்கும். மேலே சொன்ன 3.7 கிலோவாட் மோட்டாருடன் 2 கேவிஏஆர் கெப்பாசிட்டரைச் சேர்த்தால் திறன் காரணி ஏறத்தாழ 0.96ஆக உயர்ந்து, மின்மாற்றியின் மீதான சுமை 4.53 கேவிஏவாகக் குறையும். 18 மோட்டார்களைத் தாங்கிய அதே மின்மாற்றி 22 மோட்டார்களைத் தாங்கும். இவ்வளவு பயனுள்ள கருவிக்கு ஒரு குறையும் உண்டு. அது தரும் எதிர்வினைத் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், அழுத்தம் 90 விழுக்காடாகத் தாழ்ந்தால் பயன் 81 விழுக்காடாகிவிடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் கை சுருங்கும் உதவி இது.

தமிழ்நாட்டின் மின்கட்டமைப்புக்கு இந்தக் கணக்கு இன்னொரு வகையிலும் நெருக்கமானது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் பகுதியில் தொடக்கக் காலத்தில் நிறுவப்பட்ட காற்றாலைகளில் இருந்தவை பெரும்பாலும் தூண்டல் ஜெனரேட்டர்கள். அவை மெய்த்திறனைக் கட்டமைப்புக்குக் கொடுக்கும். தமக்கு வேண்டிய காந்தப்புலத்துக்காக எதிர்வினைத் திறனைக் கட்டமைப்பிலிருந்தே வாங்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் இந்த வழக்கத்தால், வாங்கும் எதிர்வினை ஆற்றலுக்குக் காற்றாலை உரிமையாளர்களிடம் தனிக் கட்டணம் பெறும் முறை இங்கு ஏற்பட்டது. உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகளுக்கு உச்சத் தேவைக் கட்டணம் கேவிஏ அளவிலேயே கணக்கிடப்படுவதும், அவற்றின் சராசரித் திறன் காரணி 0.90க்குக் கீழே இறங்கினால் ஈட்டுக் கட்டணம் சேர்வதும் இதே நியாயத்தால்தான்.

வீட்டு நுகர்வோருக்கு இந்த நியாயம் பொருந்தாது. வீட்டு மின்கட்டணம் யூனிட்டை, அதாவது மெய்யாற்றலைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே பிளக்கில் மாட்டினால் மின்கட்டணம் பாதியாகும் என்று விற்கப்படும் சிறு பெட்டிகள், உள்ளே உண்மையாகவே கெப்பாசிட்டர் இருந்தாலும்கூட, வீட்டுக் கட்டணத்தைக் குறைக்கும் வழி ஏதுமில்லை. அது ஏமாற்று வணிகம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

செங்கோண முக்கோணக் கணக்கு தூய சைன் அலைகளுக்கே முழுமையாகப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்இடி பல்பு, கணினி, கைப்பேசிச் சார்ஜர் போன்றவை மின்னோட்டத்தைச் சீரான அலையாக அல்லாமல், கூர்முனைகளாகப் பிடுங்கி எடுப்பவை. அந்தத் திரிபும் வேலை செய்யாமல் கம்பியைச் சுடவைப்பதால் மெய்த்திறன், எதிர்வினைத் திறன் ஆகியவற்றோடு மூன்றாவது கூறாகத் திரிபுத் திறன் என்ற ஒன்றை ருமேனியப் பொறியாளர் கான்ஸ்டான்டின் புடேயானு 1927இல் முன்வைத்தார். அந்த வரையறை சரியா என்ற விவாதம் அறிஞரிடையே பல பத்தாண்டுகள் நீடித்தது. இல்லத்தாருக்கு அதில் வேலையில்லை; ஆனால் இத்தகைய கருவிகளுக்காக வாங்கும் யுபிஎஸ், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் தகட்டில் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 600 விஏ, 360 வாட் என்று குறித்த யுபிஎஸ்ஸில், திறன் காரணி ஒன்றை நெருங்கிய 400 வாட் கணினியை மாட்டினால் 600 என்ற எல்லைக்குள் அது அடங்கும், 360 என்ற எல்லையைத் தாண்டிவிடும். எதைத் தாண்டினாலும் கருவி அணைந்துவிடும் என்பதால் சிறிய எண்ணே அங்கு உண்மையான எல்லை. விளம்பரத்திலும் பெட்டியின் மேலும் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பெரிய எண். கடைக்குச் செல்பவர் விஏ எத்தனை என்று கேட்டதோடு நிற்காமல், வாட் எத்தனை என்றும் கேட்டு, தகட்டில் அந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தை எடுக்கட்டும்.